நடுச்சாமத்து அறிவிப்பாளர் ஜோன் பீல்

2004ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் திகதி, தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள கூஸ்கோ நகரத்தில், மனைவியோடு பயணம் போயிருந்த ஓர் ஆங்கிலேயர் மாரடைப்பால் காலமானார். வயது 65. செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்ததும் பி.பி.சி.யின் றேடியோ வண் நிலையம் தன் வழமையான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு அவருடைய நினைவிலேயே ஒலிபரப்பியது. அரசகுடும்பத்தில் ஒருவர் இறந்தால் செய்கிற காரியத்தை, நடுச்சாமத்தில் பாட்டுப் போட்ட ஒரு மனுசனுக்குச் செய்தார்கள்.

எங்கட புத்தாண்டு மலரில் இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை எண்டு சில பெரியவர்கள் கேட்கக்கூடும். அவர் தமிழர் இல்லை. தமிழுக்கு ஏதும் செய்தவரும் இல்லை. ஆனால் வாசகர்களே, வானொலிப் பெட்டியோடு பிறந்து வளர்ந்த சனம் நாங்கள். ஒருவருடைய குரலை நம்பி, அவர் போடுகிற பாட்டுக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மயில்வாகனத்தையும் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்தக் கதை விளங்கும்.

முதலில் ஒரு பழைய சங்கதி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் சனத்தின் ரசனையைக் கெடுக்கின்றன என்று அகில இந்திய வானொலியில் அவற்றைத் தட்டிவிட்டார். சனம் என்ன செய்தது? ரசனையைத் திருத்தவில்லை. ஊசியைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து போட்ட பாட்டை அந்தப் பக்கத்துப் பட்டிதொட்டியெல்லாம் கேட்டது. இந்தியா தோல்வியை ஒப்புக்கொண்டு விவித பாரதியைத் தொடங்க 1957 ஆகிவிட்டது.

இங்கிலாந்திலும் இதே கூத்துத்தான், பத்து வருசம் பிந்தி. அங்கே பி.பி.சி. ஒரு நாளைக்கு இவ்வளவு மணித்தியாலம்தான் இசைத்தட்டுப் போடலாம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாத்தியக்காரரின் தொழிற்சங்கமும் இசைத்தட்டுக் கொம்பனிகளும் சேர்ந்து போட்ட கட்டு அது. இளம்பிள்ளைகள் கேட்க விரும்பிய பாட்டு வானொலியில் இல்லை. ஆகவே 1964 தொடக்கம் சில கெட்டிக்காரர் பழைய கப்பல்களை வாங்கி, நாட்டின் சட்டம் எட்டாத தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு, அங்கிருந்து ஒலிபரப்பினார்கள். கடற்கொள்ளை வானொலி என்று அவற்றுக்குப் பெயர். அப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் எங்கள் கதாநாயகன் பெயர் எடுத்தார்.

அவருடைய சொந்தப் பெயர் ஜோன் றொபேட் பாக்கர் றேவன்ஸ்குறொப்ட். 1939 ஓகஸ்ட் 30ஆம் திகதி, லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹெஸ்வோல் என்ற ஊரில் பிறந்தார். நாலாம் நாள் உலக யுத்தம் தொடங்கியது. தகப்பன் பஞ்சு வியாபாரி, யுத்தத்துக்குப் போய்விட்டார். பிள்ளை தகப்பனை முதன்முதல் வடிவாகக் கண்டதே ஆறு வயதளவில். எங்கட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. தகப்பன் வெளிநாட்டில், ஸ்பொன்சர் சரிவர வருசக்கணக்கு, பியர்சன் விமான நிலையத்தில் ஆரையோ காட்டி அதுதான் அப்பா எண்டு சொல்லுவினம். பிள்ளை தாயின் சீலைக்குப் பின்னால் ஒளியும்.

வசதியான குடும்பம்தான். ஆனால் பிள்ளையைச் சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஷ்றூஸ்பரி என்ற பேர்போன பள்ளிக்கூடம். அங்கே மேல்வகுப்புப் பொடியளால் தனக்கு நேர்ந்த கொடுமைகளை அவர் கடைசிக் காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். படிப்பில் கெட்டிக்காரன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு காரியம் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டன: இசைத்தட்டு, லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகம். சாகும்வரை இரண்டும் விடவில்லை.

இராணுவத்தில் கட்டாயச் சேவை இரண்டு வருசம். பிறகு ஒரு பஞ்சாலையில் கொஞ்சக் காலம். 1960இல் தகப்பன், தனக்குத் தெரிந்த பஞ்சு வியாபாரி ஒருவரிடம் வேலை பழக என்று அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். ரெக்சாஸ் மாநிலத்தில் டலஸ் நகரம். பஞ்சு சரிவரவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்தால் ஈடு கொடுக்கிற இன்ஷுரன்ஸை ஊர் ஊராகப் போய் விற்றார். 1963 நவம்பரில் டலசில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டபோது, லிவர்பூல் பத்திரிகை ஒன்றின் நிருபர் என்று பொய் சொல்லிக்கொண்டு, கொலையாளி என்று பிடிபட்ட ஒஸ்வால்டைப் பத்திரிகைக்காரருக்குக் காட்டிய இடத்துக்குள் புகுந்துவிட்டார். அந்தப் படச்சுருளில் ஒரு மூலையில் அவர் நிற்பது தெரிகிறது.

வானொலிக்குள் அவர் போன விதம் சிரிப்பாக இருக்கும். 1964இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவைக் கலக்கியது. லிவர்பூல் பக்கத்துப் பேச்சு வாடை உள்ள ஓர் ஆள் டலசில் இருக்கிறான் என்றதும் அங்கே ஒரு நிலையம் அவரைப் பீட்டில்ஸ் நிபுணர் என்று மைக்குக்கு முன்னால் இருத்திவிட்டது. அவருக்கும் பீட்டில்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை! இலங்கை என்றவுடன் எங்களைப் பார்த்து முரளிதரனைத் தெரியுமோ என்று கேட்கிறவர்களை நாங்கள் காணாமலா இருக்கிறம்? நாங்கள் இல்லை என்று சொல்லிப்போட்டு நடக்கிறம். இவர் ஓம் என்று சொல்லி வேலை எடுத்தார். ஒக்லஹோமா, கலிபோர்னியா என்று நிலையம் மாறி மாறி, 1967 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

எசெக்ஸ் கரைக்கு அப்பால் நின்ற றேடியோ லண்டன் கப்பலில் வேலை கிடைத்தது. பெயர் நீளம் என்று அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண் வைத்த பெயர்தான் ஜோன் பீல். நடுச்சாமம் 12 மணி தொடக்கம் 2 மணி வரை, ஒருவரும் விரும்பாத நேரம். முதலாளிமார் நித்திரை. இவர் விளம்பரங்களையும் செய்தியையும் மெல்ல மெல்லக் கைவிட்டு, வேறெங்கும் கேட்கமுடியாத பாட்டுகளாகப் போட்டார். கேட்கிறவர்களின் கடிதங்கள் குவிந்தபிறகுதான் நடக்கிற காரியம் முதலாளிமாருக்குத் தெரியவந்தது. அந்த வருசம் ஓகஸ்ட் 14ஆம் திகதி புதுச் சட்டம் வருகிறது என்று கப்பல் வானொலி மூடப்பட்டது. செப்ரெம்பர் 30இல் பி.பி.சி. இளைஞருக்கென்று றேடியோ வண்ணைத் தொடங்கியது. கள்ளக் கப்பலில் கத்தியவர்களையே கூட்டிக்கொண்டு வந்து அரசாங்க நாற்காலியில் இருத்தினார்கள். அவர்களில் பீலும் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பீல் 37 வருசம், சாகும்வரை, அதே நிலையத்தில் இருந்தார்.

இனி விசயத்துக்கு வருவம். அவர் அப்படி என்ன செய்தார்?

நான் மேலே சொன்ன கட்டுப்பாட்டை அவர் வரமாக மாற்றினார். இசைத்தட்டு போடுகிற நேரம் குறைவென்றால் வேறு வழி, குழுக்களை நேரே கூப்பிட்டுப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்வது. லண்டன் மைடா வேலில் பி.பி.சி.யின் கலையகம். ஒரு குழு காலையில் வான் ஒன்றில் சாமான்களோடு வரும். ஒரு நாளில் வழக்கமாக நாலு பாட்டு. இரவுக்குள் பதிவு, கலப்பு எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கையில் இசைத்தட்டு இருக்கவேணும் என்றோ பெரிய கொம்பனி பின்னால் நிற்கவேணும் என்றோ இல்லை. பீலுக்கும் அவருடைய தயாரிப்பாளர் ஜோன் வோல்ற்றர்ஸுக்கும் பிடித்தால் போதும். இப்படி 2000க்கு மேற்பட்ட கலைஞர்களின் 4000க்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. பேர் வராத காலத்து டேவிட் போவி, மார்க் போலன், பிறகு ஜோய் டிவிஷன், ஸ்மித்ஸ், கியூர். இந்தப் பெயர்கள் எங்களுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டில் வளர்ந்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தி ஃபோல் என்ற ஒரே குழுவை 24 தடவை கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவு பைத்தியம்.

தபாலில் கசெற்றுகள் மூட்டை மூட்டையாக வரும். சஃபோக் கிராமத்து வீட்டிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போகும்போது காருக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பார். 1981இல் ஷெஃபீல்ட் நகரத்துக்குப் போனபோது பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் தன் குழுவின் கசெற்றைக் கையில் திணித்துவிட்டான். அதே வருசம் அந்தப் பொடியளுக்கு மைடா வேலில் இடம் கிடைத்தது. பல்ப் என்ற அந்தக் குழு நாடறிந்த குழுவாக இன்னும் 14 வருசம் எடுத்தது. காத்திருக்க உலகத்துக்குப் பொறுமை இல்லை. ஆனால் முதல் கதவு திறந்த நாளை அவர்கள் மறக்கவில்லை.

1973 மே 29ஆம் திகதி, மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற 20 வயதுப் பிள்ளை ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துச் செய்த, 49 நிமிடம் ஓடுகிற இசைத்தட்டை முழுக்கப் போட்டார். பாட்டென்றால் மூன்று நிமிடம் என்று இருந்த காலம்.

1976இல் நியூயோர்க்கிலிருந்து ராமோன்ஸ் என்ற குழுவின் இசைத்தட்டு வந்தது. பங்க் என்று பிறகு பெயர் வைத்தார்கள். இரண்டு நிமிடம், மூன்று சுரம், ஒரே சத்தம். பீல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பழைய நேயர்கள் கோபத்தோடு கடிதம் எழுதினார்கள். அவர் அசையவில்லை. பழைய ஆக்கள் போக, அவர்களைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகள் கேட்க வந்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, உண்மையைச் சொல்லவேணும். ஆனால் முப்பத்தேழாவது வயதில் தன் நேயர்களையே இழக்கத் துணிந்து காதைப் புதுசாகத் திறந்த மனுசனை மதிக்காமல் இருக்க முடியாது. எங்கட விழாக்களில் நாற்பது வருசமாக அதே பத்துப் பாட்டைத்தான் போடுகிறம்.

அயர்லாந்தின் வடக்கில் டெரி என்று ஒரு ஊர். 1972இல் உரிமை கேட்டு ஊர்வலம் போன சனத்தின்மேல் இராணுவம் சுட்டு அன்றைக்கே 13 பேர் செத்த ஊர். சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, குண்டு. எங்களுக்குப் புதிசில்லை. அங்கேயிருந்து ஐந்து பொடியள், அன்டர்ரோன்ஸ் என்று ஒரு குழு, 1978இல் பெல்ஃபாஸ்ரில் ஒரு சின்ன இசைத்தட்டுக்கடைக்காரருக்காக ஒரு பாட்டைப் பதிந்தார்கள். அதில் யுத்தம் இல்லை, அரசியல் இல்லை. ஒரு பெட்டையை நினைத்து ஏங்குகிற பொடியனின் மனசு. அவ்வளவுதான். பெரிய கொம்பனிகள் கைவிரித்த அந்தப் பாட்டைப் பீல் செப்ரெம்பரில் போட்டார். முடிந்த கையோடு ஊசியைத் தூக்கித் திரும்பவும் அதையே போட்டார். ஒரே இரவில் ஒரே பாட்டு இரண்டுமுறை! காருக்குள் அதைக் கேட்ட அமெரிக்க இசைத்தட்டு முதலாளி ஒருவர் அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தார். டெரிப் பொடியள் தொலைக்காட்சியில் வந்தார்கள். பீல் அதைத் தன் வாழ்நாளின் பாட்டு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக் கண்கலங்கியதை மறைத்ததும் இல்லை. யுத்தத்துக்குள் வளர்கிற பிள்ளைக்கும் காதலிக்கவும் கும்மாளம் அடிக்கவும் உரிமை இருக்கு என்பது ஒரு பாட்டில் கேட்டால் எப்படி இருக்கும் என்று எங்கட பொடியளைக் கேட்டால் சொல்லுவார்கள்.

எனக்கு அவரில் மிகவும் பிடித்தது வேறொன்று. வேல்ஸ் மொழி தெரியுமோ? இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே கிடந்து, பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி வாங்கிய மொழி. எண்பதுகளில் டற்பிளகி, அன்ஹ்ரெவ்ன் என்ற குழுக்கள் அந்த மொழியில் புதுப் பாணியில் பாடத் தொடங்கின. ஆங்கிலத்தில் பாடினால்தான் லண்டன் கேட்கும் என்று எல்லாரும் சொன்ன காலம். பீல் அவர்களைக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பு ஒன்றும் கேட்காமல், அப்படியே போட்டார். ஒரு சொல்லும் விளங்காமல் தான் ரசிக்கலாம் என்றால் நேயரும் ரசிக்கலாம் என்பது அவர் கணக்கு. சிம்பாப்வேயின் பண்டு போய்ஸ் குழுவை ஷோனா மொழியில் கேட்கவைத்தார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு வாசித்ததும் சிம்பாப்வேக் குழுதான். கறுப்பு மக்களின் ரெகே இசையைப் போட்டதற்காக நிறவெறியரின் கடிதமும் அவருக்கு வந்திருக்கு. அடுத்த இரவும் போட்டார்.

இதை எழுதும்போது இந்த நகரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கனடாவில் 1971இல் சட்டம் போட்டார்கள்: வானொலியில் நூற்றுக்கு 30 பாட்டு கனடாக் கலைஞருடையதாக இருக்கவேண்டும் என்று. சட்டம் போடாவிட்டால் அமெரிக்காப் பாட்டுத்தான் ஓடும். எழுபதுகளின் கடைசியில் பிறம்ரனிலிருந்து சி.எஃப்.என்.வை. நிலையம், டேவிட் மார்ஸ்டனின் தலைமையில், பீலைப் போலவே எவரும் போடாத பாட்டுகளைப் போட்டது. றஷ் குழு 1980இல் அந்த நிலையத்தை வைத்துத்தான் ஒரு பாட்டே கட்டியது. எங்கள் பக்கம் பார்த்தால், தொண்ணூறுகளில் ஸ்காபரோ அப்பாட்மென்ற் வீடுகளில் தனிப் பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்துத்தான் நாள் முழுக்கத் தமிழ் கேட்டோம். குசினியில் அம்மாவுக்கு அதுதான் துணை. மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், சினிமாப் பாட்டு. குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் அந்தப் பனிக்காலங்களைக் கடந்திருக்க மாட்டோம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளை ஒன்று மோர்ணிங்சைட் பக்கத்துக் கட்டிடத்தின் நிலவறையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் அதை எத்தனை பேர் போட்டார்கள்? ஈழத்துப் பொப் பாட்டுகள் எழுபதுகளில் எழுந்தபோதும் பைலாக் கூத்து என்று முகம் சுழித்தவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமி இன்றைக்கு எந்தக் கலியாண வீட்டில் இல்லை? அன்று இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளுக்கு இடம் கொடுத்தது.

பீலை ஒரு மகான் ஆக்கவும் நான் வரவில்லை. 1965இல் ரெக்சாசில் அவர் கட்டிய முதல் மனைவிக்கு வயது 15. பெட்டை வயதை மறைத்தாள் என்று அவர் பிறகு சொன்னார். அந்தக் கலியாணம் சில வருசத்தில் முறிந்தது. அமெரிக்காவில் சின்ன வயதுப் பிள்ளைகளோடு தான் பழகிய விதத்தை அவர் வேடிக்கைபோலப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். அவர் இறந்து எட்டு வருசத்துக்குப் பிறகு, 2012இல், தான் 15 வயதாக இருந்தபோது தன்னோடு உறவு வைத்திருந்தார் என்று ஒரு பெண்மணி பகிரங்கமாகச் சொன்னார். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. கிளாஸ்ரன்பரி இசைவிழாவில் 2005இலிருந்து அவர் பெயரில் இருந்த மேடைக்கு 2023இல் பெயரை மாற்றிவிட்டார்கள். பெண்பிள்ளை பெற்ற எவருக்கும் இதை வாசித்துவிட்டு லேசாகத் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் மற்றவர்களுக்குத் திறந்த கதவும் உண்மை, இதுவும் உண்மை.

1974இல் ஷீலா என்பவரை மறுமணம் செய்தார். நாலு பிள்ளைகள், நாலு பேருடைய பெயருக்குள்ளும் லிவர்பூல் கழகத்தின் வாடை வரத்தக்கதாக நடுப்பெயர் வைத்தார் என்றால் பாருங்கோவன். 1989இல் ஹில்ஸ்பறோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்த பின், அடுத்த நிகழ்ச்சியில் பேசமுடியாமல் நேயர்களுக்கு முன்னாலேயே அழுதார். அறிவிப்பாளர் அழக்கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டு, பாதியில் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்பதும் அடிக்கடி நடக்கும். மெருகூட்டிய குரல் இல்லை. பக்கத்தில் இருந்து கதைக்கிற குரல். 1998இல் றேடியோ ஃபோரில் சனிக்கிழமைக் காலைகளில் சாதாரண குடும்பங்களின் கதைகளைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். பாட்டே கேளாத கிழவிகளுக்கும் அதனால் அவர் சொந்தக்காரர் ஆனார். 2002இல் பி.பி.சி. நடத்திய மாபெரும் பிரித்தானியர் வாக்கெடுப்பில் 43ஆவது இடம்.

2001இல் நீரிழிவு கண்டது. எங்கட வீட்டுக்கு வீடு இருக்கிற வியாதிதான். இரவு நிகழ்ச்சியோ நேரம் பிந்திப் பிந்திப் போனது. சாமத்தில் வேலை முடித்துக் கிராமத்துக்குக் கார் ஓட்டவேணும். களைப்பு முகத்தில் தெரிந்தது என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். 2004 ஒக்ரோபர் 14ஆம் திகதி கடைசி நிகழ்ச்சி. பிறகு விடுமுறை. பிறகு கூஸ்கோ.

நவம்பர் 12ஆம் திகதி சஃபோக்கில் பெரி சென்ற் எட்மண்ட்ஸ் தேவாலயத்தில் இறுதிச்சடங்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது அன்டர்ரோன்ஸின் அந்தப் பாட்டைப் போட்டார்கள். வீட்டில் பெரிய இசைத்தட்டுகள் 26,000, சின்னவை 40,000 அளவில் மிஞ்சிக் கிடந்தன. பெரியவற்றை ஒவ்வொன்றாக இலக்கமிட்டுச் சின்னச் சின்ன அட்டைகளில் தானே குறித்து வைத்திருந்தார். அவற்றுக்குள், வேறெங்கும் காணக்கிடைக்காத, ஒரேயொரு இசைத்தட்டோடு கலைந்துபோன குழுக்கள் எத்தனையோ. பாதியில் விட்ட தன்வரலாற்றை மனைவி முடித்து 2005இல் வெளியிட்டார்.

கிறேற் ஃபின்பறோ கிராமத்துத் தேவாலய வளவுக்குள் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 2008இல் கல் நாட்டினார்கள். அதில் பேருக்கும் திகதிக்கும் கீழே, டெரிப் பொடியள் பாடின அந்தப் பாட்டின் ஓர் அடி வெட்டியிருக்கு.